டெக்சாஸில் இருக்கும் அக்கா மகனுக்கு எந்த ரைஃபிள்?

14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்துச் சொல்ல அழைத்த அக்கா மகன், எல்லாரிடமும் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் இதைக் கேட்டான்.

"மாமா, ஒரு செமி ஆட்டோ ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன். முறையாப் பழகணும். ராத்திரியில வீட்டுக்குக் காவலாவும் இருக்கணும். நீங்க பட்டாளத்துல சுட்டவரு. எது வாங்கலாம்?"

அவன் இருப்பது ஹூஸ்டனைத் தாண்டி ஒரு மணி நேரக் கார் ஓட்டம். பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய்க் கிணற்றில் வேலை. இரண்டு வாரம் வெளியே, இரண்டு வாரம் வீட்டில். போன மாதம் அதே சாலையில் ஒரு வீட்டை உடைத்து உள்ளே போய் ஆளைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அங்கே போலீஸ் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனதாம்.

நான் மலேசியாவின் பினாங்கில் அஸ்கார் வத்தானியா என்ற பகுதிநேரப் பட்டாளத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். சனி, ஞாயிறு பயிற்சி, வருடத்துக்கு ஒருமுறை முகாம். முதலில் எஸ்.எல்.ஆர். என்ற பழைய கனமான ராணுவ ரைஃபிள், அப்புறம் லேசான எம்16. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வைத்து அவனுக்கு உடனே சொன்ன பதில்: எம்16இன் பொதுமக்கள் வடிவமான ஏ.ஆர்.15 வகை, 16 அங்குலக் குழல், 5.56 மி.மீ. தோட்டா, மேலே ஒரு அலங்காரமும் வேண்டாம். மிச்சக் காசைத் தோட்டாவுக்கும் வகுப்புக்கும் போடு.

ஏன் அந்த வகை என்றால், அங்கே அதிகம் புழங்குவது அதுதான். உதிரிப் பாகம், தோட்டா அடுக்கிச் செருகும் மேகசின், சொல்லித்தர ஆள் எல்லாம் எங்கேயும் கிடைக்கும். 16 அங்குலத்துக்குக் கீழே குழல் போனால் அமெரிக்கச் சட்டத்தில் அது வேறு வகை, தனிப் பதிவு வேண்டும். அந்த வம்பு அவனுக்கு எதற்கு?

செமி ஆட்டோ என்றால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா. வெடித்த வாயுவின் அழுத்தத்திலேயே தோட்டாவின் காலி உறையான கேஸ் வெளியே விழுந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். அது வெடிக்க மறுபடி விரல் இழுக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் சடசடவென்று போவது முழு ஆட்டோ. எங்களுக்குக் கொடுத்த எம்16இல் இரண்டும் இருந்தது. அவன் கடையில் வாங்கப் போவதில் முதலாவது மட்டும்தான்.

14 ஜனவரி, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். தம்பி, உனக்கு கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டதா? வேலை விசாவில் இருப்பவர் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் அங்கே துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. கடையில் 4473 என்ற படிவத்தில் அதைக் கேட்பார்கள். பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

15 ஜனவரி

கிரீன் கார்டு கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறதாம். சரி.

19 ஜனவரி

நான் எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டுப் பக்கத்துப் பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்: "அண்ணே, நம்ம ஊர்ல இது கிடைக்க வழி உண்டா? எங்க தாமான்ல மூணு வீட்டுல திருட்டு." (தாமான் என்றால் இங்கே குடியிருப்பு.)

இல்லை தம்பி. வீட்டுக் காவலுக்கு என்று மலேசியாவில் யாரும் செமி ஆட்டோ ரைஃபிள் வாங்கி வைக்க முடியாது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி எந்தத் துப்பாக்கிக்கும் போலீஸ் உரிமம் வேண்டும். காற்றுத் துப்பாக்கியும் அதில் சேரும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 ஆண்டுகள் வரை சிறையோடு குறைந்தது ஆறு பிரம்படி. எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைக்கிறது என்று யாராவது காதில் ஓதினால் அந்த ஆளோடு தேநீர் குடிப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

பாலேக் பூலாவில் என் நண்பர் ஒருவர் டுரியான் தோட்டம் வைத்திருக்கிறார். காட்டுப்பன்றி தொல்லைக்காக ஒரு ஷாட்கன்னுக்கு உரிமம் எடுத்திருக்கிறார். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எங்கே பூட்டி வைக்கிறார் என்று வந்து பார்ப்பார்கள். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. அவர் அதைத் தொடும்போதெல்லாம் கோயில் நகையை எடுப்பதுபோல் எடுப்பார். அந்தப் பயம் எனக்குப் பிடிக்கும்.

தற்காப்பு உரிமை என்பது நம் குற்றவியல் சட்டத்திலும் இருக்கிறது, பிரிவு 96 முதல் 106 வரை. அதில் 99ஐ எல்லாரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் ஒரு துளியும் தீங்கு செய்யக் கூடாது. போலீஸிடம் போக நேரம் இருந்தால் போகத்தான் வேண்டும். கையில் தடி இருந்தாலும் பாராங் கத்தி இருந்தாலும் இதே கணக்குதான்.

பட்டர்வொர்த் தம்பிக்கு என் யோசனை: நல்ல கிரில், பின் வாசலுக்கு இரட்டைப் பூட்டு, குரைக்கிற நாய், தாமான் மக்கள் முறைபோட்டுச் சுற்றுவது. எங்கள் வரிசையில் முறைபோட்டுச் சுற்ற ஆரம்பித்த பிறகு ஒரு வீட்டிலும் கைவைக்கவில்லை.

2 பிப்ரவரி

தோட்டா பற்றி. அக்கா மகன் கடையில் போய்ப் பார்த்துவிட்டு ஒரு படம் அனுப்பினான். ஒரு குழலில் ".223" என்று பொறித்திருக்கிறது, அடுத்ததில் "5.56". கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றாராம்.

வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். இரண்டு தோட்டாவும் இரண்டு குழலின் பின்முனை அறையிலும் போய் உட்காரும். வேறுபாடு, அறையைத் தாண்டி, குண்டைச் சுழலவைக்கும் குழலின் வரிகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. 5.56 அறையில் குண்டு வரியைத் தொடுமுன் கொஞ்சம் கூடுதல் இடம் உண்டு; .223இல் அது குறைவு. ராணுவ 5.56 தோட்டாவை .223 அறையில் போட்டுச் சுட்டால் அழுத்தம் எகிறலாம். தலைகீழாக, .223 தோட்டாவை 5.56 அறையில் சுடலாம், கேடில்லை. ஆகவே 5.56 என்று பொறித்ததை வாங்கு. இரண்டுக்கும் ஒத்துவரும்படி செய்த வைல்டு அறை என்றும் ஒன்று உண்டு, அதுவும் நல்லது.

குழலின் வரிச் சுற்று 7 அங்குலத்துக்கு ஒன்றா, 8க்கா, 9க்கா என்று கேட்டிருந்தான். கனமான குண்டுக்கு வேகமான சுற்று வேண்டும். 8 என்றால் லேசானது, கனமானது இரண்டையும் ஓரளவு நேராக அனுப்பும். இதில் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அப்புறம் அதைவிடப் பெரிய 7.62 தோட்டா. "எஸ்.எல்.ஆர். மாதிரி பெருசா ஒண்ணு வாங்கட்டுமா மாமா?" என்றான். எனக்கு எஸ்.எல்.ஆர். மேல் தனிப் பாசம் உண்டு. வெறும் ரைஃபிளே நான்கு கிலோவுக்கு மேல், இருபது தோட்டா மேகசின். குழலுக்கு மேலே வாயுவை அளக்க ஒரு வளையம் இருக்கும். கேஸ் சரியாக வெளியே விழும்வரை அதைச் சுட்டுச் சுட்டுத் திருப்பி, விழுந்ததும் இன்னும் இரண்டு சொடுக்கு கூட்டி வைக்க வேண்டும். குளிர்ந்த உலோகம், எண்ணெய் வழுக்கும் விரல், டக் டக் என்ற அந்த இரண்டு சொடுக்கு. நாற்பது வருடம் கழித்தும் விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் முதல் நாள் இருபது தோட்டா சுட்டதும் என் தோள் கன்றிப்போய் அம்மா மஞ்சள் பற்றுப் போட்டார். உதைக்கு அஞ்சுகிறவன் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிவிடுவான். அப்புறம் அவனுக்குக் குறி பழக்க ஒரு வருடம் போய்விடும். வேண்டாம்.

காது! எங்கள் காலத்தில் காதுக்குப் பஞ்சுதான். இன்றைக்கும் ராத்திரி மின்விசிறியை நிறுத்தினால் என் வலது காதில் ஒரு சில்வண்டு கத்துகிறது. இந்த ரைஃபிள்களின் சத்தம் 160 டெசிபெல் அளவுக்குப் போகும், மூடிய அறைக்குள் இன்னும் கொடுமை. ரைஃபிள் வாங்கும் அன்றைக்கே நல்ல காதுக்கவசம் இரண்டு வாங்கிவிடு. பேச்சை உள்ளே விட்டு வெடியை மட்டும் அடக்கும் மின்னணுக் கவசம் இப்போது வந்திருக்கிறது.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். தண்ணீர்மலை ஏறி இறங்கியதில் முழங்கால் வீங்கியிருக்கிறது. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், ஏ.கே. வகைதான் சரி, சேற்றில் போட்டாலும் சுடும், எம்16 அடைத்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் பழைய உண்மை ஒன்று இருக்கிறது. வியட்நாமில் 1966, 67இல் எம்16 அடைத்துக்கொண்டு பல பேர் செத்தார்கள். காரணம் மூன்று. தோட்டாவின் வெடிமருந்தை மாற்றினார்கள். அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. சுத்தம் செய்யும் கருவியே பலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு அறைக்குப் பூச்சு வந்தது, கருவியும் வந்தது, குறை தீர்ந்தது. எங்கள் கைக்கு வந்தது அந்தத் திருத்தம் எல்லாம் செய்த எம்16ஏ1.

பினாங்கு ஈரத்தில், கடற்கரை உப்புக் காற்றில், மழையில் நனைந்த எம்16 எனக்கு அடைத்துக்கொண்டது ஒன்பது ஆண்டில் இரண்டே முறை. இரண்டு முறையும் மேகசின்தான் காரணம், வாய் வளைந்திருந்தது. ஏ.ஆர். வாங்குகிறவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேகசினைத்தான். சுடுகளத்தில் தகராறு செய்யும் மேகசினில் பெயின்டால் ஒரு கோடு போட்டு ஒதுக்கிவிட வேண்டும். வீட்டுக் காவலுக்கு அதை வைக்கவே கூடாது.

ஏ.கே. மோசம் என்று நான் சொல்லவில்லை. கூடுதல் இடைவெளி விட்டுச் செய்த உறுதியான இயந்திரம். ஆனால் தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி வலப் பக்கம் நீளத் தகடாக இருக்கும், மேகசினை முன்னால் கொக்கி மாட்டி ஆட்டிச் செருக வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு ஏ.ஆரில் கட்டைவிரல் இருக்கும் இடத்திலேயே சேஃப்டி இருக்கிறது. இந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

பழைய துப்பாக்கிப் பேச்சு வந்ததால் ஒன்று. எங்கள் தாத்தா மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் மூவர் கொல்லப்பட்ட பிறகு தோட்டம் தோட்டமாக ஆள் எடுத்தார்கள். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் கையில் .303 லீ என்ஃபீல்டு கொடுத்தார்கள். துரைமார் சிலர் லேசான எம்1 கார்பைன் வைத்திருந்தார்களாம். தாத்தா அதைப் பார்த்து ஆசைப்பட்டதுண்டு. ஆனால் அவர் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. ராத்திரி தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் துப்பாக்கியைத் தூக்கியிருக்கிறார். வந்தவர் வயிற்றுப்போக்கோடு கழிவறைக்கு ஓடிய பக்கத்து வீட்டுப் பெரியவர். "யாருன்னு கேட்டேன். கேட்டதால அவரு பொழச்சாரு, நானும் பொழச்சேன்" என்பார்.

எதைச் சுடுகிறோம் என்று தெரியாமல் தூக்காதே. தம்பி, இதற்காகவே துப்பாக்கியில் ஒரு நல்ல விளக்கு வேண்டும். முதல் நாள் அலங்காரம் எதுவும் வேண்டாம் என்றேன். விளக்கு அலங்காரம் இல்லை. அதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஆளைத் தேட அந்த விளக்கைப் பயன்படுத்தாதே, அது காட்டும் திசையில்தான் குழலும் இருக்கும். தேடுவதற்குக் கையில் தனி டார்ச்.

9 மார்ச்

இரண்டு மாதமாக நான் எழுதியதெல்லாம் தப்பான ஆளுக்கு.

நேற்று அக்கா மகனின் மனைவி அழைத்தாள். முறைப்படி எனக்கு மகள். "சித்தப்பா" என்றுதான் கூப்பிடுவாள். "நீங்க ரெண்டு பேரும் துப்பாக்கி பத்திப் பேசிக்கிட்டே இருக்கீங்க. அவரு ரிக்குல இருக்கிற ரெண்டு வாரமும் வீட்டுல இருக்கிறது நானும் பிள்ளையும்தான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல" என்றாள்.

எனக்கு வாயடைத்துவிட்டது. வீடு உடைத்த கதை கேட்டு அவன் பயந்ததே தான் இல்லாத இரவுகளை நினைத்துத்தான். அப்படியானால் ரைஃபிள் அவள் கைக்குத்தானே? அவள் ஐந்தடி இருக்கமாட்டாள். அவனோ ஆறடி.

அவன் ஏற்கெனவே ஒன்றைப் பேசி வைத்திருந்தான், கனமான குழலோடு. துல்லியம் கூடும் என்று நான்தான் தலையாட்டினேன். முன்பக்கம் கனமாக இருக்கும் ரைஃபிளைச் சின்ன உடம்புக்காரர் தூக்கினால் இடுப்பைப் பின்னால் வளைத்துக்கொண்டு நிற்பார். ஒரு நிமிடத்தில் கை நடுங்கும். அதை வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். மெல்லிய குழல், மேகசின் இல்லாமல் மூன்று கிலோவுக்குள், தோளில் ஊன்றும், நீளம் கூட்டிக் குறைக்கும் பின்கட்டை. முழங்கையை மடித்துக் கட்டையின் அடியை உள்மடிப்பில் வைத்தால் விரல் விசையைச் சுலபமாகத் தொட வேண்டும். கட்டையைக் கடைசிச் சொடுக்குவரை உள்ளே தள்ளினாலும் அவளுக்கு எட்டவில்லை என்றால் அது அவளுக்கான ரைஃபிள் இல்லை.

வெடித்த வாயுவை இயந்திரத்துக்குக் கொண்டுவரும் வாயுக் குழாயும் நடுத்தர நீளமாக இருக்கட்டும். 16 அங்குலக் குழலில் குட்டைக் குழாய் போட்டால் வாயு சீக்கிரம், வேகமாக வந்து அடிக்கும். நடுத்தரத்தில் உதை மென்மையாக இருக்கும்.

11 மார்ச்

"அப்ப எனக்கு?" என்று அவன் கேட்கிறான். கட்டையை இழுத்துக்கொள் தம்பி. அவளுக்குப் பொருந்துவது உனக்கும் பொருந்தும். உனக்குப் பொருந்துவது அவளுக்குப் பொருந்தாது.

30 மார்ச்

.22 என்ற சின்னத் தோட்டா ரைஃபிளைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார், நன்றி. நான் யோசிக்காத வழி. 1964இல் வந்த ரூகர் 10/22 இன்றும் விற்கிறது. பத்துத் தோட்டா சுழலும் மேகசின், உதை என்று சொல்ல எதுவும் இல்லை, தோட்டா மிக மலிவு. அவளுக்கு அதில்தான் ஆரம்பம் என்று முடிவாகிவிட்டது. மூச்சை அடக்குவது, விசையை நசுக்குவது, சுட்ட பிறகும் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல் இருப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும். பெரியதற்கு அப்புறம் போகலாம், அவசரமில்லை.

18 மே

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். அக்காவோடு வந்து ஒரு வாரம் ஆகிறது.

இன்று அவளைச் சுடுகளத்துக்கு அழைத்துப் போனார்கள், மூன்றாவது வகுப்பு. நான் ரைஃபிளைத் தொடவில்லை. சுற்றுலா விசாவில் வந்தவன் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் இங்கே துப்பாக்கியைக் கையில் எடுக்கக் கூடாது. உரிமம் வாங்கிவிடலாம் என்று அவன் சொன்னான். எனக்கு வேண்டியிருக்கவில்லை. சுடுபவர் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது. பட்டாளத்தில் என் கண் எப்போதும் என் குறியில்தான் இருந்தது. இன்றைக்கு அவள் தோளைப் பார்த்தேன், கால் விரலைப் பார்த்தேன். .22இல் தோள் அசையவே இல்லை. 5.56ஐ எடுத்ததும் முதல் நான்கு தோட்டாவுக்கும் வலது புருவம் முன்கூட்டியே சுருங்கியது. சொல்லித்தருகிற அம்மாள் அதைக் கவனித்துவிட்டார். வாங்கி, அவளுக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவை மேகசினின் நடுவில் சொருகிக் கொடுத்தார். ஆறாவது இழுப்பில் வெடிக்கவில்லை, டிக் என்றது. குழல் முனை மட்டும் இரண்டு அங்குலம் கீழே குத்தியது. வெடிக்காத துப்பாக்கி எதற்குக் குனிய வேண்டும்? அவளே பார்த்துவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மேகசினில் புருவம் அசையவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். 50 கஜத்துக்குக் குறி சரிசெய்த ரைஃபிளால் ஐந்து கஜத்தில் ஒரு சின்ன வட்டத்தைச் சுடச் சொன்னார். எல்லாக் குண்டும் வட்டத்துக்குக் கீழே இரண்டரை அங்குலத்தில் பொத்தலிட்டன. ரைஃபிளில் கோளாறு என்று அக்கா மகன் நினைத்தான். கோளாறு இல்லை. கண் குறிபார்க்கும் சைட் குழலுக்கு மேலே அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. தூரம் போகப் போகத்தான் இரண்டும் சேரும். வீட்டுக்குள் இருக்கும் தூரம் எல்லாம் இந்த ஐந்து, ஆறு கஜம்தான். ஒன்பது ஆண்டு சுட்டவன், எனக்கு இது எண்ணமாகவே வந்ததில்லை. நாங்கள் சுட்டதெல்லாம் நூறு மீட்டருக்கு மேல்.

சிவப்புப் புள்ளி சைட் தேவையில்லை என்று ஜனவரியில் அவனிடம் சொல்லியிருந்தேன். அதையும் திரும்பப் பெறுகிறேன். முன்குறி, பின்குறி, ஆள் என்று மூன்றைக் கண்ணால் சேர்ப்பதற்குப் பதில் புள்ளியை வைத்தால் போதும், இரண்டு கண்ணும் திறந்திருக்கும். இரும்புக் குறியையும் பழகட்டும், பேட்டரி தீரும் நாள் வரும்.

முடிந்ததும் தரையெல்லாம் காலிக் கேஸ்கள். பெருக்கி ஒரு வாளியில் கொட்டினார்கள், எண்ணவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் முகாமில் கெலோங்சோங் (காலிக் கேஸுக்கு மலாய்ச் சொல்) ஒன்று குறைந்தாலும் படைப்பிரிவே புல்லில் மண்டியிட்டுத் தேட வேண்டும். ஒருமுறை பொழுது சாய்ந்து, மழையும் பிடித்து, கடைசியில் அது ஒரு பையனின் சட்டைக் காலருக்குள் இருந்தது. சூடாக விழுந்து சுட்டிருக்கிறது, பயத்தில் அவன் சொல்லவில்லை. கழுத்தில் காசு அளவுக்குக் கொப்புளம்.

21 மே

வீட்டை நடந்து பார்த்தேன். இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

நம் ஊர் வீடு செங்கல். இவர்கள் வீடு மரச்சட்டம், அதன் இரு பக்கமும் ஜிப்சம் பலகை. விரல் முட்டியால் தட்டினால் டொக் டொக் என்கிறது. எந்தத் துப்பாக்கிக் குண்டும் இதைத் தாண்டிப் போகும், ஒரு சுவரோடு நிற்காது. படுக்கையறை வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தால் நேர் எதிரே பிள்ளையின் அறைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அவன் கட்டில். நான்கு வயது.

நானும் அக்கா மகனும் அந்த வாசலில் நின்றோம். நான் சுவரைக் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. நான்கு மாதமாகக் குழல், வரி, வாயு என்று பேசினோம். குண்டு போகும் இந்த நேர்க்கோட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

ஆகவே அவள் அந்த வாசலில் நின்று சுடுவது என்பது கிடையவே கிடையாது. அவள் வீட்டைச் சுற்றித் தேடுவதும் கிடையாது. பிள்ளை இருக்கும் அறைக்குப் போக வேண்டும், கதவைப் பூட்ட வேண்டும், 911ஐ அழைத்து இணைப்பைத் துண்டிக்காமல் பேச வேண்டும், கட்டிலுக்குப் பின்னால் மூலையில் கதவைப் பார்த்து உட்கார வேண்டும். கதவை உடைத்துக்கொண்டு வந்தால்தான் மற்றது. அந்தக் கதவுக்குப் பின்னால் வெளிச் சுவரும் வெறும் வயலும் இருக்கும்படி மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் எண்பூட்டுப் பெட்டி படுக்கையறையில். பிள்ளை கூடத்துக்கு அந்தப் பக்கம்.

22 மே

"பெட்டியைப் பிள்ளை அறையில் வைத்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மனசு ஒப்பவில்லை. டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் எடுக்கும்படி, சுடத் தயாரான துப்பாக்கியை விட்டு வைத்தாலே குற்றம். பூட்டினால் சட்டம் ஒத்துக்கொள்ளும், சரி. ஆனாலும் தினமும் பார்க்கிற பெட்டியைப் பிள்ளை நோண்டாமல் இருக்குமா? இருக்காது.

8 ஜூலை

பினாங்கு வந்து ஒரு மாதமாகிறது. அவர்கள் வாங்கிவிட்டார்கள். ஏ.ஆர். வகை, 16 அங்குல மெல்லிய குழல், நடுத்தர வாயுக் குழாய், 5.56 அறை, சிவப்புப் புள்ளி, விளக்கு, தோள்பட்டி. .22உம் சேர்த்து. வகுப்புக்கும் தோட்டாவுக்கும் ரைஃபிளின் விலையைவிட அதிகம் போய்விட்டதாம். அப்படித்தான் போக வேண்டும்.

தோட்டா இல்லாமல் வெறுமையாக வைத்து வீட்டில் பழகுவது எப்படி என்று கேட்டாள். தோட்டா எல்லாம் வேறு அறையில். பார்த்து, விரல் விட்டுத் தடவி, மறுபடி பார்த்து, பிறகு வெளிச் சுவரைப் பார்த்து மட்டும். "பெரிக்ஸா செஞ்சாத்தா" (ஆயுதத்தைச் சோதி) என்று எங்கள் சார்ஜன்ட் கத்தியது என் காதில் இன்னும் இருக்கிறது. அதை அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். மலாயில் சொல்லிக்கொண்டேதான் சோதிக்கிறாளாம்.

20 அக்டோபர்

தீபாவளி. இங்கே விடியலிலேயே நல்ல மழை. அவர்களுக்கு இன்னும் ஞாயிற்றுக்கிழமை இரவு. அவன் ரிக்கில், அவள் மட்டும் பேசினாள்.

முறுக்கு கருகிய கதையெல்லாம் முடிந்த பிறகு, "சித்தப்பா, விளக்கை அணைச்சிட்டுப் பெட்டியைத் திறந்து பாத்தேன்" என்றாள். முதலில் 31 நொடி. எண்களைத் தடவிக் கண்டுபிடிக்க முடியவில்லை. நடு எண்ணின் மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துக் காய விட்டிருக்கிறாள், விரலுக்குத் தட்டுப்படும்படி. இப்போது எட்டு நொடி.

கூடத்தைத் தாண்டும் சிக்கல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேமராவைத் திருப்பிக் காட்டினாள். அவன் வெளியே இருக்கும் இரண்டு வாரமும் பிள்ளையின் கட்டில் அவள் அறைக்கு வந்துவிடுகிறது. இழுக்கச் சுலபமாக இருக்க அக்கா மகன் நான்கு காலுக்கும் சக்கரம் போட்டுக் கொடுத்திருக்கிறான். வெளிச் சுவர் மூலையில் பிள்ளை தூங்குகிறது, வாயில் இன்னும் அதிரசத் துணுக்கு.